நெல்லு அறையின்ர கொங்கிறீற் தட்டு ஒழுகுது, கம்பி வெளியால தெரியுது. உடைக்கிறதோ, திருத்துறதோ?

ஒட்டுசுட்டான் வளவு:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால தனியா நிக்கிற நெல்லு அறை பற்றிக் கேக்கிறன். 12 அடிக்கு 14 அடி, சீமெந்துக் கல்லுச் சுவர், மேல கொங்கிறீற் தட்டு, சுத்திவர முக்கால் அடி உயரத்துக்கு விளிம்புச் சுவர். ஏ9 பாதை திறந்து சீமெந்து தட்டில்லாம வரத் தொடங்கின பிறகு, 2003இல அப்பா கட்டினது. குரங்கு ஓட்டையும் சீற்றையும் விடாது எண்டுதான் தட்டுப் போட்டவர். நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வரேக்க வீட்டுக்குக் கூரை இல்லை, இந்த அறை நிண்டது. தட்டில செல் துண்டு பட்ட குழியளைச் சாந்து வைச்சு அடைச்சுப் பாவிச்சு வாறம்.

இப்ப பிரச்சினை என்னெண்டா, போன மாரியில தண்ணிக் குழாய் இருக்கிற மூலையில உள்பக்கப் பூச்சு பாளம் பாளமா விழுந்திட்டுது. கம்பி சிவந்து, தொட்டா தகடு தகடாக் கழருது. நடுவில வெள்ளையா உப்புப் பூத்திருக்கு, ஒரு இடத்தில சின்ன விழுது மாதிரியும் தொங்குது. சுவரின்ர அடியிலயும் ஒரு அடி உயரத்துக்கு ஈரம். காலபோகத்துக்கு வைச்சிருந்த விதை நெல்லில சுவரோட நிண்ட மூட்டையள் முளைச்சிட்டுது.

ஒரு மேசன் வந்து பாத்திட்டு, மேல தார் ஊத்தி, கீழ சீமெந்து பூசினாச் சரி எண்டவர். இன்னொருத்தர் தட்டை உடைச்சுப்போட்டுச் சீற் போடச் சொல்லுறார். மழைக்கு முந்தி முடிக்க வேணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பழைய ஓவசியர், வவுனியா:

தங்கச்சி, முதல் வேலை: உள்ளுக்க இருக்கிற நெல்லையும் ஆக்களையும் வெளியால எடுங்கோ. அந்த மூலைக்குக் கீழ முட்டுக் குடுங்கோ. பூச்சு மட்டும் விழுந்ததோ, கொங்கிறீற்றும் சேந்து விழுந்ததோ எண்டு தெரியாமல் ஒருத்தரும் அதுக்குக் கீழ நிண்டு வேலை செய்யக் கூடாது.

நல்ல கொங்கிறீற்றுக்குள்ள இருக்கிற கம்பி துருப்பிடிக்காது. சீமெந்தின்ர காரம் அதைக் காப்பாத்தும். காலப்போக்கில காத்தில இருக்கிற காபனீரொட்சைட்டு உள்ள போய் அந்தக் காரத்தைக் குறைக்கும். அதோட தண்ணியும் சேந்தாத் துரு பிடிக்கும். துருவுக்கு இரும்பை விட ரெண்டு மடங்கு தொடக்கம் ஆறு மடங்கு வரை கூடின இடம் வேணும். அந்த நெருக்கம்தான் கீழ்ப்பக்கத்தைத் தள்ளி விழுத்துது. அதனால கீழால பூசுறது வருத்தத்துக்கு மருந்தில்லை. உங்கட வெள்ளை விழுது, மேலயிருந்து இறங்கிற தண்ணி கொங்கிறீற்றுக்குள்ள இருக்கிற சுண்ணாம்பைக் கரைச்சுக் கொண்டு வந்து விடுறது. தண்ணி கனகாலமா அதே வழியால போகுது எண்டதுக்கு அது சாட்சி.

மூண்டு விசயம் பாத்துச் சொல்லுங்கோ. ஒண்டு, சுத்தியலால தட்டுக் கீழ்ப்பக்கம் முழுக்கத் தட்டி, பொள்ளல் சத்தம் வாற இடமெல்லாம் சோக்கால கோடு போடுங்கோ. ரெண்டாவது, துருப்பிடிச்ச கம்பியை வயர் பிறஸ் போட்டு வெள்ளை இரும்பு தெரியுமட்டும் தேய்ச்சு, விட்டத்தை அளவுங்கோ. மூண்டாவது, அந்தக் காலம் மணல் எங்கயிருந்து வந்தது? ஆத்து மணலோ, கடற்கரை மணலோ? இதில முடிவு இருக்கு.

முள்ளியவளை மேசன்:

தார் விசயம் நான் சொல்லுறன். வன்னி வெயிலுக்குத் தார் ரெண்டு கோடை தாங்காது. பகலில உருகும், பிறகு இறுகும், வெடிக்கும். ஈரத் தட்டுக்கு மேல ஊத்தினா, உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி அடியால கொப்புளம் கொப்புளமா எழும்பும். பிறகு அதைச் சுரண்டி எடுக்கிற வேலை புதுசாத் தட்டு போடுற வேலையை விடக் கூட. தார் பட்ட இடத்தில பிறகு சீமெந்துச் சாமான் ஒண்டும் ஒட்டாது. தயவு செய்து ஊத்த விடாதேங்கோ.

தட்டுக்கு மேல என்ன இருக்கு எண்டு ஏறிப் பாத்தனீங்களோ? அரசங்கண்டு, ஆலங்கண்டு நிக்கும் பாருங்கோ. ஆள் இல்லாமல் கிடந்த தட்டில எல்லாம் குருவி எச்சத்தால முளைச்சு நிக்கும்.

ரொறன்ரோவிலயிருந்து கிளிநொச்சியான்:

இங்க தட்டைக் கூரையளுக்கு நெருப்பால சூடாக்கி ஒட்டுற தார்ப் பாய் போடுறவை. கனகாலம் நிக்குது. அங்கயும் கொழும்பில செய்யிற ஆக்கள் இருக்கினம். காசு கொஞ்சம் கூடினாலும் ஒரேயடியா முடிஞ்சிடும்தானே? அப்பாவின்ர ஞாபகமா நிக்கிற கட்டடம், உடைக்காதேங்கோ.

முள்ளியவளை மேசன்:

அண்ணை, பாய் நல்ல சாமான், நான் குறை சொல்ல வரேல்லை. ஆனா 168 சதுர அடிக்கு கொழும்பால ஆள் வந்து போற செலவே வேலையை விடக் கூடும். அரைகுறையாப் பழகின ஆள் ஒட்டினால் விளிம்புச் சுவரோட சேருற இடத்தால தண்ணி போகும். பிறகு எங்கால ஒழுகுது எண்டு கண்டுபிடிக்கவும் ஏலாது, பாய்க்குக் கீழ தண்ணி ஓடி வேற இடத்தில சொட்டும். தூரிகையால பூசுற ரெண்டு சாமான் கலவை, சீமெந்துப் பொடியும் அதோட வாற பால் மாதிரித் திரவமும் சேத்துக் குழைக்கிறது, கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் கடையில கிடைக்குது. அது ஈரப்பதன் இருக்கிற தட்டிலயும் ஒட்டும். பிறகு ஒரு இடம் பழுதானா அந்த இடத்தை மட்டும் நாங்களே திருத்தலாம்.

நெடுங்கேணி வயல்:

உடைச்சுப்போட்டுச் சீற் போடுறதுதான் சரி எண்டு எனக்குப் படுது. எங்கட பக்கம் ஆனை வந்தாச் சுவரையே தள்ளிப்போட்டு நெல்லைத் திண்டிட்டுப் போகுது, தட்டு இருந்து என்ன. சினக் அலுமினியம் சீற் எண்டாக் குரங்காலயும் உடைக்க ஏலாது. பாரமும் இல்லை, கீழ ஆக்களுக்கு ஆபத்தும் இல்லை.

ஒட்டுசுட்டான் வளவு:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன மாதிரி முட்டுக் குடுத்து, மூட்டையளை வெளி விறாந்தைக்கு மாத்தியாச்சு. அறையைத் தட்டிப் பாத்ததில குழாய் மூலையில, சுவரிலயிருந்து ரெண்டரை அடி அகலத்துக்கு முழுக்கப் பொள்ளல். மற்ற இடம் கிண் எண்டு கேக்குது, நடுவில செல் துண்டு பட்ட ஒரு இடத்தைத் தவிர. அந்த இடத்தில அடைச்ச சாந்தைத் தட்டி எடுத்தா, ஒரு கம்பி அறுந்து கிடக்கு.

கம்பி எல்லாம் 10 மி.மீ, அரை அடிக்கு ஒண்டு, 12 அடிப் பக்கமா ஓடுது. மூலையில இருக்கிற நாலு கம்பி தேய்ச்சாப் பிறகு 8 மி.மீதான் நிக்குது. மற்ற இடத்தில ரெண்டு மூண்டு இடம் கொத்திப் பாத்தம், 9½ குறையேல்லை. 2 மி.மீ தானே குறைஞ்சிருக்கு, பூசினாப் போதும் எண்டு மேசன் சொல்லுறார்.

மணல் ஆத்து மணல், கனகராயன் ஆத்துப் பக்கத்தால வந்தது எண்டு அம்மா சொல்லுறா. தண்ணி எங்கட கிணத்துத் தண்ணி, உப்பில்லை. மேல ஏறிப் பாத்தம், அரசங்கண்டு குழாய் வாயிலேயே நிக்குது. குழாய் ரெண்டு அங்குலம், சருகு அடைச்சு அந்த மூலையில தண்ணி தேங்கின அடையாளம் கறுப்பாத் தெரியுது.

பழைய ஓவசியர், வவுனியா:

இப்ப கதைக்கலாம். 2 மி.மீ தானே எண்டு விடக் கூடாது. கம்பியின்ர பலம் அதின்ர வெட்டுமுகப் பரப்பில இருக்கு. 10 மி.மீ கம்பி 8 ஆகினா, பரப்பு 100க்கு 64 ஆகுது. மூண்டில ஒரு பங்குக்கு மேல போயிட்டுது. நாங்கள் பொதுவா நாலில ஒரு பங்கு, சில பேர் ஐஞ்சில ஒரு பங்கு போனாலே பக்கத்தில புதுக் கம்பி சேர்ப்பம். 9½ மி.மீ எண்டாப் பத்தில ஒரு பங்குதான் போயிருக்கு, அதை அப்படியே விடலாம்.

உங்களுக்கு ரெண்டு விசயம் சாதகமா இருக்கு. பழுது கடைசிச் சுவரோட இருக்கு. அந்த இடத்தில தட்டைச் சுவரும் தாங்குது. நாலு கம்பியும் நடுவில போயிருந்தா நான் உடைக்கச் சொல்லியிருப்பன். மற்றது, மணலிலயும் தண்ணியிலயும் உப்பில்லை. ஆன படியால் இது திருத்தக் கூடிய தட்டு.

இன்னொரு சோதனை செய்யுங்கோ. பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியரிட்ட பினோப்தலீன் கொஞ்சம் கேட்டு வாங்கி, புதுசா உடைச்ச கொங்கிறீற் முகத்தில விடுங்கோ. இளஞ்சிவப்பாகினா அந்த ஆழத்தில காரம் இருக்கு. நிறம் வராத ஆழம் எவ்வளவு எண்டு மி.மீ கணக்கில அளவுங்கோ. கொத்தின தூசியைக் கழுவாம ஊதி எடுத்திட்டு விட வேணும், இல்லாட்டிப் பிழையாக் காட்டும்.

நெடுங்கேணித் தம்பிக்கு: சீற் போடுறது கெட்ட யோசனையில்லை. ஆனா தட்டை உடைக்கேக்க சுவரின்ர மேல் வரிசையும் ஆடும், பிறகு சுவருக்கு மேல சுத்திவரக் கொங்கிறீற் வளையம் போட்டுக் கட்ட வேணும். பழுதான கம்பியோட தட்டை அப்படியே விட்டிட்டு மேல சீற் போட்டு மூடுறது இன்னும் மோசம். ஒழுகல் நிண்டிடும், விழுற ஆபத்து நிக்கும்.

ஒட்டுசுட்டான் வளவு:

ஆசிரியர் தானே வந்து விட்டுப் பாத்தவர். கீழ்ப்பக்கத்தில 12 தொடக்கம் 15 மி.மீ வரை நிறமே வரேல்லை, அதுக்கு மேல நல்ல சிவப்பு. கம்பிக்குக் கீழ இருக்கிற கொங்கிறீற் 10 மி.மீதான்.

பழைய ஓவசியர், வவுனியா:

அப்ப கம்பியின்ர கீழ் முகம் காவல் இழந்திட்டுது. கம்பிக்குக் கீழ 20, 25 மி.மீ கொங்கிறீற் இருந்திருந்தா இந்த நிலை வந்திராது. அந்தக் காலம் கம்பிக்குக் கீழ கல்லு வைச்சு உயத்தாமல் பலகையில போட்டு வார்த்த தட்டு கனக்க. இதின்ர கருத்து, மேலால வாற தண்ணியை நிப்பாட்டினாத்தான் மற்றக் கம்பியளும் தப்பும். காஞ்ச கொங்கிறீற்றில துரு மிச்சம் மெதுவா நடக்கும். அதனால காசை முதல்ல மேல் பக்கத்தில போடுங்கோ.

முள்ளியவளை மேசன்:

ஐயா, அந்த ரெண்டரை அடி அகலத்தைக் கீழாலக் கொத்திச் சாந்து ஏத்தாமல், மேலால முழு ஆழத்துக்கும் உடைச்சுக் கொட்டினா என்ன? தலைக்கு மேல ஏத்துற சாந்து எத்தினை கவனமாச் செய்தாலும் இவ்வளவு பரப்புக்கு எனக்கு நம்பிக்கையில்லை.

பழைய ஓவசியர், வவுனியா:

நானும் அதைத்தான் எழுத இருந்தன். அப்படியே செய்யுங்கோ. முறையைச் சொல்லுறன், பிழை இருந்தாத் திருத்துங்கோ.

உடைக்கிற கோட்டிலயிருந்து ரெண்டடி உள்ளுக்கும் முட்டு நிக்க வேணும், நல்ல தட்டின்ர விளிம்பு தொங்கக் கூடாது. பெரிய சம்மட்டி வேண்டாம். சின்ன உளியும் சுத்தியலும், இல்லாட்டிச் சின்ன பிறேக்கர். சம்மட்டி அடி மிச்சத் தட்டையும் வெடிக்க வைக்கும். பழைய கம்பியை வெட்டி எறியாதேங்கோ. தேய்ச்சு வெள்ளையாக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடிச்சு, ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில புது 10 மி.மீ கம்பி கட்டுங்கோ. பழுதான இடம் தாண்டி, நல்ல கம்பியோட ரெண்டு பக்கமும் அரை மீற்றர் சேந்து ஓட வேணும். அது கம்பி விட்டத்தின்ர 50 மடங்கு. நடுவில அறுந்த கம்பிக்கும் இதே கணக்குத்தான். அந்த இடத்தில கம்பிக்குப் பின்னால விரல் போற அளவு கொத்தித் திறந்தாத்தான் சாந்து கம்பியைச் சுத்திப் பிடிக்கும். கம்பியின்ர கீழ்முகம் மட்டும் தெரியக் கொத்திப் பூசினா ரெண்டு மாரியில திரும்ப விழும்.

கம்பிக்குக் கீழ 25 மி.மீ உயரத்துக்குச் சீமெந்து வில்லை வையுங்கோ. பழைய விளிம்பை முதல் நாளே நனைச்சு விட்டு, கொட்டேக்க மேல் ஈரம் காஞ்சிருக்க வேணும், பால் மாதிரிக் கரைச்ச சீமெந்து தேய்ச்சு உடனே கொட்டுங்கோ. சீமெந்து, மணல், கல்லு 1:1½:3, முக்கால் அங்குலக் கல்லு, தண்ணி அளவா.

முள்ளியவளை மேசன்:

தண்ணி அளவு எண்ட சொல்லைத் தடிச்ச எழுத்தில போட வேணும் ஐயா. இப்ப சோளகம் வீசுது. காலையில பத்து மணிக்குப் பிறகு கொட்டினா கலவை கரண்டியில இருக்கேக்கையே இறுகுது, உடனே ஆக்கள் தண்ணி விட்டு இளக்கீனம். அதாலதான் மேல் முழுக்க மயிர் வெடிப்பு. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கொட்டுங்கோ தங்கச்சி. கொட்டின உடனே பொலித்தீன் மூடி, அடுத்த நாள் தொடக்கம் சாக்குப் போட்டு ஏழு நாளுக்குக் குறையாம நனைச்சு வைச்சிருங்கோ. சாக்கு ஒரு மத்தியானம் காஞ்சாலும் பழுதுதான். பதினாலு நாளைக்கு முந்தி முட்டில கை வைக்க விடாதேங்கோ. முட்டு வாடகைக்கு எடுத்த ஆக்கள் கேட்டு வருவினம், குடுக்காதேங்கோ.

அரசங்கண்டை இழுத்துப் புடுங்க வேண்டாம். மேலால அறும், வேர் உள்ள நிண்டு திரும்பத் துளிர்க்கும். குழாய் வாய் உடைக்கிற பகுதிக்குள்ளதானே வருது, வேர் போன வழி முழுக்கக் கொத்தித் திறந்து எடுத்திடுங்கோ.

ஒட்டுசுட்டான் வளவு:

தட்டில சாய்வே இல்லை எண்டு நினைக்கிறன், ரியூப்பில தண்ணி விட்டுப் பாத்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். மேல சாந்து போட்டுச் சாய்வு எடுக்கலாமோ?

பழைய ஓவசியர், வவுனியா:

எடுக்கத்தான் வேணும், ஆனாப் பாரத்தைக் கணக்குப் பாருங்கோ. 80க்கு 1 சாய்வு வேணும். 14 அடி நீளத்துக்கும் ஒரே பக்கமாச் சாய்ச்சா, குழாயடியில 20 மி.மீ, மற்றக் கரையில 73 மி.மீ வரும். மொத்தம் ஒண்டரைத் தொன் சாந்து, காயம்பட்ட தட்டுக்கு மேல. நடுவை உயத்தி ரெண்டு கரைக்கும் ஒவ்வொரு குழாய் வைச்சா 1.1 தொன்னில முடியும். ஒரு குழாய் அடைச்சாலும் மற்றதால தண்ணி போகும். குழாய் 3 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். பழைய சாந்து ஒட்டுகள் எல்லாத்தையும் முதல்ல சுரண்டிப் பாரம் இறக்குங்கோ.

விளிம்புச் சுவரும் தட்டும் சேருற மூலை முழுக்க 2 அங்குலச் சாய்சாந்து, மூலையை முக்கோணமா நிரப்புற சாந்து, வைச்சு, பூச்சை ஆறு அங்குலம் சுவரில ஏத்துங்கோ. அந்த மூலையளிலயும் குழாய் வாயிலயும் நார்வலை வைச்சுப் பூச வேணும். முதல் கை நீளப்பாட்டுக்கு, ரெண்டாம் கை குறுக்கால. அசையிற வெடிப்பு இருந்தா V வடிவத்தில வெட்டி, இறப்பர் மாதிரி இழுபடுற பசை விடுங்கோ. சீமெந்தால அடைச்சா பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் திரும்பத் திறக்கும். பூச்சு முறையாக் காஞ்ச பிறகு குழாயளை அடைச்சு ஒரு அங்குலம் தண்ணி கட்டி 24 மணித்தியாலம் விட்டுப் பாருங்கோ. அதுவே கிட்டத்தட்ட 400 லீற்றர், 400 கிலோ. முட்டு நிக்கேக்கையே செய்யுங்கோ.

கீழ்ப்பக்கத்துக்கு எண்ணெய்ப் பெயின்ற் அடிக்காதேங்கோ. உள்ள இருக்கிற ஈரம் வெளியால வரப் பல மாதம் எடுக்கும், வழியை மூடக் கூடாது. சுண்ணாம்பு போதும்.

பூநகரிக் கரை:

இடையில கேக்கிறன், குறை நினையாதேங்கோ. எங்கட மோட்டர் அறைத் தட்டும் இதே மாதிரி. ஆனாக் கட்டேக்க பாவிச்சது கடற்கரை மணல், கிணறும் உவர். ஒருக்கா ஒரு இடம் திருத்தினம், இப்ப அந்த இடம் நல்லா இருக்கு, அதுக்குப் பக்கத்தில புதுசா வெடிச்சு விழுது. இதே முறை சரிவருமோ?

பழைய ஓவசியர், வவுனியா:

வராது தம்பி. உங்கட உப்பு கொங்கிறீற் முழுக்க இருக்கு. ஒரு இடத்தைச் சுத்தமாக்கிப் புதுச் சாந்து வைச்சா, துரு பக்கத்தில இருக்கிற உப்புக் கொங்கிறீற்றுக்குத் தாவும். நீங்கள் கண்டது அதுதான். உப்பாலப் பிடிக்கிற துரு ஒரே சீராத் தேயாது, கம்பியில குழி குழியா இறங்கும், வெளியால பெரிசாத் தெரியாமலே கம்பி அறும். மோட்டர் அறை சின்னன்தானே, தட்டைக் கவனமா இறக்கிப்போட்டு நெடுங்கேணித் தம்பி சொன்ன மாதிரிச் சீற் போடுங்கோ. புது வளையத்துக்கு உப்பில்லாத தண்ணி பவுசரில எடுத்தெண்டாலும் குழையுங்கோ. உள்ள போய் மோட்டர் போடுற ஆள் தினமும் அதுக்குக் கீழதான் நிக்கிறார், பிந்தாதேங்கோ.

நெடுங்கேணி வயல்:

தங்கச்சியின்ர சுவர் அடி ஈரத்தை எல்லாரும் மறந்திட்டம். விதை நெல்லு முளைச்சது அதாலதான்.

முள்ளியவளை மேசன்:

ஓம், அது வேற பாதை. தட்டுத் தண்ணி விளிம்பால நேரா விழுந்து தெறிச்சு, சுவரடியிலயே நிக்குது. குழாயை நிலமட்டும் இறக்கி, அங்கயிருந்து பத்தடி தள்ளி ஒரு கல்லுக் குழிக்கு விடுங்கோ. மண் வெட்டேக்க சந்தேகமான இரும்பு கண்டா கை வைக்க வேண்டாம், பொலிசுக்குச் சொல்லுங்கோ. வெளி நிலம் அறைத் தரையை விட உயந்து கிடந்தா அரை அடி வெட்டி இறக்குங்கோ. தட்டு வெளியால நீட்டிக்கொண்டு நிண்டா, அதின்ர அடியில கரையோட அரை அங்குலக் கான் ஒண்டு வெட்டி விடுங்கோ, தண்ணி சுவருக்கு ஓடாமல் அதிலயே சொட்டும். புதுசாக் கொட்டுற பக்கத்துக்குப் பலகையில ஒரு கம்பித் துண்டை ஆணியடிச்சு விட்டாக் கான் தானா வரும்.

ஒட்டுசுட்டான் வளவு:

சுவர் காய எவ்வளவு காலம் செல்லும்? மூட்டையளை எப்ப உள்ள வைக்கலாம்?

நெடுங்கேணி வயல்:

இந்தக் காலபோக விதையை அங்க வைக்காதேங்கோ, வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். அடுத்த அறுவடை நெல்லு வரேக்க பாக்கலாம். அப்பவும் நிலத்தில அடுக்க வேண்டாம். அரை அடி உயரத்துக்குப் பலகைத் தட்டு அடிச்சு, சுவரிலயிருந்து ஒரு அடி விலத்தி அடுக்குங்கோ. நெல்லு 14 சதவீதத்துக்குக் கீழ காஞ்சிருக்க வேணும், விதை எண்டா 13. கமநல சேவை நிலையத்தில கேட்டா ஈரமானி வைச்சுப் பாத்துத் தருவினம்.

ஒட்டுசுட்டான் வளவு:

உடைக்கிறதில்லை எண்டு முடிவெடுத்திட்டம், மூலையை மட்டும் திறந்து கொட்டுறம். பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருக்கா வந்து முட்டும் கம்பியும் பாக்கிறன் எண்டவர். முள்ளியவளை அண்ணை, திங்கக்கிழமை கம்பி வாங்கப் போறம். நாலும் அறுந்த ஒண்டும் சேத்து ஐஞ்சு கம்பி காணுமோ?

முள்ளியவளை மேசன்:

ஆறா எடுங்கோ. உடைக்கேக்க ஐஞ்சாவது கம்பியும் மூலையில மெலிஞ்சிருந்தா திரும்பக் கடைக்கு ஓட வேண்டி வரும். கட்டுக் கம்பி ஒரு கிலோ காணும். கொட்டுற அண்டைக்கு முதல் நாள் கம்பி கட்டின படத்தை இதிலயே போடுங்கோ, ஐயாவும் நானும் பாத்திட்டுச் சொல்லுறம். அதுக்கு முந்திக் கலவை போட விடாதேங்கோ.